லேட்டரைட் மண்ணில் இரும்பு என்ன வேலை பார்க்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

செம்புறாங்கல், கிராவல், வெட்டுக்கல், கிரவல் என்று ஊருக்கு ஊர் வேறு பெயரில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை லேட்டரைட் பற்றித்தான், அதாவது வெப்பமும் மழையும் பாறையை அரித்து இரும்பு மிஞ்சிய சிவந்த மண்ணும் கல்லும். முதல் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன், மற்றவர்களும் அதைப் படித்துவிடுங்கள், உங்கள் பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது.

கேள்வி: சார், சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காகக் குன்னூர் பக்கம் ஒரு சாலையோரச் சரிவிலிருந்து மண் எடுத்து வந்தோம். நான் ஓவனில் காயவைத்துப் பொடித்து லிக்விட் லிமிட் பார்த்தேன். என் நண்பன் அதே மூட்டை மண்ணை ஈரத்தோடேயே சலித்துப் பார்த்தான். அவனுக்கு என்னைவிடக் கிட்டத்தட்ட 15 கூடுதலாக வந்திருக்கிறது. யாருடையது தப்பு? கைடு திரும்பச் செய்யச் சொல்கிறார். (மாணவர், கோவை)

பதில்: இரண்டு பேருடையதும் சரிதான் தம்பி. (மற்றவர்களுக்காக: குழைந்த மண் கூழாக ஓட ஆரம்பிக்கிற ஈரப்பத சதவீதம்தான் லிக்விட் லிமிட்.) நீங்கள் ஓவனில் வைத்து எடுத்தபோதே அது வேறு மண்ணாகிவிட்டது, அதனால் எத்தனை முறை திரும்பச் செய்தாலும் இந்த வித்தியாசம் வரும், வர வேண்டும்.

ஏன் என்று புரிய, அந்த மண் எப்படி உண்டானது என்று பார்க்கணும். வெப்பமும் மழையும் சேர்ந்து பல லட்சம் வருஷம் ஒரு பாறையை அரித்தால் கால்சியம், சோடியம், பொட்டாசியம் எல்லாம் முதலில் கரைந்து போகும், பிறகு சிலிக்காவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், இரும்பும் அலுமினியமும் மட்டும் போக மனமில்லாமல் அங்கேயே தங்கும். தங்கிய அலுமினியம் மிச்ச சிலிக்காவோடு சேர்ந்து கயோலினைட் என்ற களிக்கனிமமாகிறது, சிலிக்கா இன்னும் போய்விட்டால் கிப்சைட் ஆகிறது (ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைப்பது இதனால்தான்). இரும்பு, மஞ்சள் பழுப்பில் கோதைட்டாகவும் சிவப்பில் ஹெமடைட்டாகவும் நிற்கிறது. நீலகிரி மண்ணில் இவை எல்லாமே உண்டு.

இனிதான் விஷயம். கயோலினைட் தகட்டின் மேல்பரப்பில் எதிர்மின் இருக்கும். இந்த மாதிரி அமிலத்தன்மையுள்ள மண்ணில் இரும்பு ஆக்சைடின் பரப்பில் நேர்மின் இருக்கும். அதனால் இரும்பு ஆக்சைடு போய்க் களித்தகடுகள்மேல் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்றைப் பிணைத்துக் கொத்துக் கொத்தாக ஆக்கிவிடுகிறது. நீங்கள் களிமண் என்று நினைத்துக் கையில் எடுப்பது உண்மையில் வண்டல் அளவிலும் பொடிமணல் அளவிலும் இருக்கிற கொத்துக்கள். அந்தக் கொத்துக்களின் உள்ளே துளைகளில் நீர் அடைபட்டிருக்கும். ஓவனில் காயவைத்து எடை பார்த்தால் அந்த நீரும் கணக்கில் வரும், ஆனால் மண்ணைக் குழைய வைப்பதில் அதற்குப் பங்கே இல்லை. அதனால்தான் இந்த மண்ணில் ஈரப்பதமும் லிக்விட் லிமிட்டும் பயமுறுத்துகிற அளவில் இருக்கும், அப்படியும் மண் உறுதியாக நிற்கும்.

ஓவனில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, ஜெல் மாதிரி இருக்கிற இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நீரை இழந்து இறுகிவிடும், திரும்ப நனைத்தாலும் பழைய நிலைக்கு வராது. கொத்துக்கள் பிரிய மறுப்பதால் நீர் பிடிக்கும் பரப்பு குறைந்து லிக்விட் லிமிட் இறங்கிவிடுகிறது. இரண்டாவது, மண்ணில் நீர் கொண்ட ஹாலோய்சைட் என்ற களிக்கனிமம் இருந்தால் அதன் அடுக்குகளுக்கு நடுவே ஒரு நீர்ப்படலம் இருக்கும், அது போவதற்கு 105 டிகிரி வேண்டியதே இல்லை, 50, 60 டிகிரியிலேயே போய்விடும், சில சமயம் மொட்டைமாடி வெயிலே போதும். போனது திரும்பாது. எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் வசதி இருந்தால் ஈர மண்ணையும் காய்ந்த மண்ணையும் வைத்துப் பாருங்கள், 10 ஆங்ஸ்ட்ராமில் இருந்த உச்சி 7 ஆங்ஸ்ட்ராமுக்கு நகர்ந்திருந்தால் ஹாலோய்சைட்தான். நகராவிட்டால் பழி இரும்பின் மேல்.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று உண்டு. ஸ்பாட்டுலாவால் நீங்கள் மண்ணைப் பிசையப் பிசையக் கொத்துக்கள் உடைந்து, உள்ளே அடைந்திருந்த களி வெளியே வந்து லிக்விட் லிமிட் ஏறும். ஆகவே உங்கள் நண்பன் எவ்வளவு நேரம் பிசைந்தான் என்பதையும் கேளுங்கள். ஐந்து நிமிஷம் பிசைந்து ஒரு முறை, அரை மணி நேரம் பிசைந்து ஒரு முறை என்று செய்து இரண்டையும் ரிப்போர்ட்டில் போட்டால், உங்கள் ப்ராஜெக்டில் அதுதான் நல்ல பக்கமாக இருக்கும். துகள்களின் அளவைப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் சோதனையிலும் இதே தொல்லைதான். துகள்களைப் பிரிக்கும் டிஸ்பெர்ஸண்ட் போட்டும் கொத்து பிரியாவிட்டால் களி குறைவு, வண்டல் அதிகம் என்று பொய்யாகக் காட்டும்.

கைடுக்குச் சொல்ல ஒரு பெரிய சாட்சி வேண்டுமென்றால் கென்யாவுக்குப் போங்கள். நைரோபி நகரத்துக்குத் தண்ணீர் தரும் சாசுமுவா அணையை 1950களில் கட்டியபோது கையில் கிடைத்தது ஹாலோய்சைட் நிறைந்த செங்களி. வழக்கமான சோதனைப்படி பார்த்தால் ஈரப்பதம் மிக அதிகம், கெட்டித்த பிறகும் அடர்த்தி மிகக் குறைவு, அணைக்கு உதவாத மண் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அதன் உள்ளுராய்வுக் கோணம் (துகளோடு துகள் உரசி நிற்கும் வலிமையின் அளவு) ஒரு களிமண்ணுக்கு எதிர்பார்க்க முடியாத அளவு உயரமாக இருந்தது, நீரும் எளிதில் ஊடுருவவில்லை. மண் இயக்கவியலின் தந்தை என்று நாம் படிக்கிற கார்ல் டெர்சாகி அதைப் பற்றி 1958ல் எழுதிய கட்டுரையில் கொடுத்த விளக்கம் இதேதான், களித்துகள்கள் தனித்தனியாக இல்லாமல் இரும்பு ஆக்சைடால் பிணைந்த கொத்துக்களாக இருக்கின்றன என்பது. பின்னால் 1961ல் கென்யச் செங்களிகளை ஆராய்ந்த நியூவில், வேதிமுறையில் இரும்பைப் பிரித்து எடுத்துப் பார்த்தபோது லிக்விட் லிமிட் ஏறியது. பிணைப்பை எடுத்தால் களி தன் சுயரூபத்துக்கு வருகிறது என்பதற்கு இதைவிட நேரான சோதனை இல்லை.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். மண்ணை எடுத்த நிமிஷமே பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். எந்தச் சோதனைக்கும் முன்னால் காயவிடாதீர்கள். ஈரப்பதத்தை 105 டிகிரியில் ஒரு முறையும் 50 டிகிரியில் எடை மாறாத வரை வைத்து ஒரு முறையும் பாருங்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால், கனிமத்துக்குள் இருக்கிற நீரையும் நீங்கள் வெளியேற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். எந்த ஈரத்தில் மண் அதிகம் கெட்டிப்படும் என்று இடித்துப் பார்க்கும் ப்ராக்டர் சோதனையில் ஒவ்வொரு புள்ளிக்கும் புது மண் எடுங்கள், இடித்ததையே திரும்ப இடித்தால் கொத்து நொறுங்கி வளைகோடே மாறிவிடும். ஓவனில் காயவைத்த மண்ணில் அதிகபட்ச அடர்த்தி கூடுதலாகவும் உகந்த ஈரம் குறைவாகவும் வரும், அதை வைத்து ஒப்பந்தம் போட்டுவிட்டு, களத்தில் இயற்கை ஈரத்தோடு இருக்கிற மண்ணை அந்த அடர்த்திக்குக் கொண்டு வரச் சொன்னால் ரோலர் ஓட்டுபவர் என்ன செய்ய முடியும்?

சரிவு பற்றி ஒரு வார்த்தை. இந்த மண்ணை ஏறத்தாழச் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கிறதே என்று மலையில் எல்லோரும் துணிந்து வெட்டுகிறார்கள். அதை நிற்க வைப்பது இரண்டு விஷயம், ஒன்று இரும்புப் பிணைப்பு, இன்னொன்று முழுக்க நனையாத மண்ணின் துளைகளில் இருக்கும் உறிஞ்சு விசை. மழை தொடர்ந்து இறங்கினால் இரண்டாவது காணாமல் போய்விடும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியபோது நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்தது, 40க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். உங்கள் ப்ராஜெக்டில் நனைந்த நிலை வலிமையைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், இதை நான் வேண்டுகோளாகவே சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, திருமயம் பக்கத்தில் வீடு கட்டுகிறோம். பேஸ்மெண்ட் நிரப்பக் கிராவல் மண் பேசினோம். முதல் லோடு கருஞ்சிவப்பாக உருண்டை உருண்டையாக வந்தது. அடுத்த லோடு மஞ்சளும் வெள்ளையும் கலந்து மாவு மாதிரி இருக்கிறது. டிரைவர் இரண்டும் ஒரே குவாரிதான் என்று சத்தியம் செய்கிறார். நம்பலாமா? (இல்லத்தரசி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: நம்பலாம் அம்மா, குவாரி ஒன்றாகவே இருக்கும், ஆழம்தான் வேறு. மேலே இரும்பு சேர்ந்து இறுகிய உருண்டைகள், அதற்குக் கீழே செம்மையும் மஞ்சளும் புள்ளி புள்ளியாகக் கலந்த பகுதி, இன்னும் கீழே இரும்பு குறைந்து வெளிறிய கயோலின் களி, இதுதான் லேட்டரைட் நிலத்தின் வரிசை. மேல் மண் தீர்ந்ததும் பொக்லைன் கீழே இறங்கியிருக்கும்.

உருண்டையில் கொஞ்சம் எடுத்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் விரலால் நசுக்கிப் பார்த்து உடையாமல் நின்றால் இரும்பு நன்றாகப் பிணைத்திருக்கிறது, தாராளமாக வாங்குங்கள். அந்த வெளிறிய மாவு மண் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், கயோலினைட் கரிசல்மண்ணில் இருக்கிற மாண்ட்மொரிலோனைட் மாதிரி ஊதி வீங்காது, தரை வெடிக்காது. ஆனால் நனைந்தால் வலிமை இழக்கும், பிளம்பிங் கசிவு வந்தால் தரை உள்வாங்கும். அதனால் அதைக் கலந்து வாங்காதீர்கள், பணம் ஒரே பணம்தானே.

சந்தேகம் தீரவில்லையென்றால் பக்கத்து பாலிடெக்னிக்கில் கொடுத்து ஃப்ரீ ஸ்வெல் பார்க்கச் சொல்லுங்கள், 10 கிராம் மண்ணைத் தண்ணீரில் ஒன்று, மண்ணெண்ணெயில் ஒன்று போட்டு 24 மணி நேரம் கழித்துக் கன அளவைப் பார்ப்பார்கள். கயோலின் மண்ணாக இருந்தால் தண்ணீரைவிட மண்ணெண்ணெயில்தான் அதிக இடம் பிடிக்கும், கரிசல் கலப்படம் இருந்தால் தண்ணீரில் ஊதும். நிரப்பும்போது ஒரே மூச்சில் கொட்டாமல் முக்கால் அடிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்து கெட்டிப்படுத்தச் சொல்லுங்கள். எந்தக் கனிமமும் சோம்பேறித்தனமாக நிரப்பிய மண்ணைக் காப்பாற்றாது.

கேள்வி: மண் சோதனையில் ஸ்பெசிபிக் கிராவிட்டி 3.05 என்று வந்திருக்கிறது. மண்ணுக்கு 2.65, 2.7 தானே? லேபை மாற்றவா?

பதில்: வேண்டாம். மண்துகள் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதுதான் இந்த எண். குவார்ட்ஸ் 2.65, கயோலினைட் 2.6, ஆனால் கோதைட் 4ஐத் தாண்டும், ஹெமடைட் 5.2. இரும்பு உருண்டைகள் அதிகமுள்ள மண்ணில் 3 வருவது சாதாரணம். ஒன்று மட்டும் கவனியுங்கள், அதே மண்ணின் கரடான பகுதிக்கும் பொடிப் பகுதிக்கும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், இரும்பு உருண்டையில் குவிந்திருப்பதால் இரண்டுக்கும் மதிப்பு வேறாக வரும், சராசரியை எடுத்துக் காற்றிடைவெளி கணக்குப் போட்டால் தவறாகிவிடும்.

கேள்வி: வேலை நிமித்தம் காசர்கோட்டில் குடியேறிவிட்டோம். வெட்டுக்கல்லில் வீடு கட்டலாம் என்று இருக்கிறேன். கல்லைப் பூசாமல் அப்படியே விட்டால் அழகாக இருக்கும் என்கிறார்கள். கிணறு தோண்டியபோது கல்லுக்குக் கீழே வெள்ளையும் ரோஜா நிறமுமாக மிருதுவான மண் வந்தது, அது பரவாயில்லையா?

பதில்: இரண்டாவது கேள்விதான் முக்கியம், அதிலிருந்து தொடங்குகிறேன். அது லித்தோமார்ஜ், மங்களூர்ப் பக்கம் ஷேடி மண் என்பார்கள். பெரும்பாலும் கயோலினைட்டும் வண்டல் அளவுத் துகளும், இரும்பெல்லாம் மேலே போய்க் கல்லாகிவிட்டதால் இங்கே பிணைக்க ஆளில்லை. காய்ந்தபோது கடப்பாரைக்கும் மசியாது, நனைந்துவிட்டால் சேறு. மேலே உள்ள கல் துளையும் வெடிப்புமாக இருப்பதால் மழைநீர் நேராக இறங்கி இந்த மண்ணை அடிவழியே அரித்துக்கொண்டு போகும், நிலத்துக்கு அடியில் குழாய் மாதிரி பொந்து உண்டாகி ஒரு நாள் மேல்தரை இறங்கும். கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களில் இப்படி நடந்திருக்கிறது. எனவே அஸ்திவாரத்தைக் கல் அடுக்கின் மேலேயே நிறுத்துங்கள், கீழே எவ்வளவு கனம் கல் இருக்கிறது என்று துளையிட்டுப் பார்த்துவிடுங்கள், மனையின் பின்பக்கம் வெட்டி அந்த வெள்ளை மண்ணைத் திறந்து விடாதீர்கள், கூரைத் தண்ணீரையும் செப்டிக் டேங்க் தண்ணீரையும் வீட்டடியில் இறங்க விடாமல் தூரக் கொண்டுபோய் விடுங்கள். கிணற்றில் அந்த மண் வருகிற ஆழம் முழுவதும் உறை கட்டாயம்.

இனி கல். 1800ஆம் ஆண்டையொட்டி மலபாரைச் சுற்றி வந்த பிரான்சிஸ் புக்கானன் அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்து, நிலத்தில் இருக்கும்போது இரும்புக் கருவியால் எளிதில் வெட்ட முடிகிறது, காற்றுப் பட்டதும் இறுகுகிறது என்று எழுதினார். அது இன்றும் உண்மை, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இரும்பு ஆக்சைடு படிகமாகி வலைப்பின்னல் போல் இறுகுகிறது. ஆகவே வெட்டியவுடனே சுவரில் வைக்காமல் சில மாதம் அடுக்கி வையுங்கள். குவாரியில் மேல் வரிசைக் கல்லைக் கேளுங்கள், ஆழம் போகப் போக இரும்பு குறைந்து களி கூடும், வெள்ளைத் திட்டு அதிகமுள்ள கல் வேண்டாம். ஐ.எஸ். 3620 தரநிலைப்படி கல்லின் அழுத்த வலிமை குறைந்தது 3.5 நியூட்டன், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு, நீர் உறிஞ்சுவது 12 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

பூச்சு விஷயத்தில் என் கருத்து, மழை அடிக்கிற பக்கம் பூசிவிடுங்கள். பழைய கோவாவில் பாம் ஜீசஸ் பசிலிக்காவின் வெளிப்பூச்சை 1950களில் உரித்து எடுத்தார்கள், அன்றிலிருந்து அந்த வெட்டுக்கல் முகப்பு பருவமழையில் கரைகிற கவலை தீரவில்லை. நீட்டமான கூரை இறவாணம் உள்ள பக்கம் மட்டும் கல்லை அப்படியே காட்டுங்கள், அழகும் கிடைக்கும். பூசுவதென்றால் சுண்ணாம்புச் சாந்து நல்லது, கல் மூச்சுவிடும்.

கேள்வி: வணக்கம். நான் கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் கிரவல் வீதி போட்டுச் சில மாதத்திலேயே அலை அலையாகிவிடுகிறது, கோடையில் ஒரே புழுதி. ஆனால் வேறொரு இடத்துக் கிரவல் மாரியில் சறுக்குகிறது. நல்ல கிரவல் எது என்று இரசாயனப் பரிசோதனையில் சொல்ல முடியாதா?

பதில்: ஓரளவு முடியும், அதற்கு வழி காட்டியவர்களில் உங்கள் நாட்டு ஆட்களே உண்டு. ஜோக்கிமும் கந்தையாவும் 1941ல் இலங்கை மண்ணை ஆராய்ந்து, சிலிக்காவை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையால் வகுத்து வருகிற விகிதத்தைக் கொண்டு பிரித்தார்கள். 1.33க்குக் கீழே வந்தால் லேட்டரைட், 1.33 முதல் 2 வரை லேட்டரைட் சார்ந்தது, 2க்கு மேல் லேட்டரைட் அல்ல. இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த எண்கள்தான்.

ஆனால் வீதி போடுகிறவர் இதை மட்டும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிலிக்கா குவார்ட்ஸ் மணலாக இருந்தாலும் கயோலினைட்டுக்குள் இருந்தாலும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான், வீதிக்கு ஒன்றல்ல. இரும்பு கடினமான உருண்டையாகத் திரண்டிருக்கலாம், களியைப் பிணைக்கும் படலமாக இருக்கலாம், சும்மா நிறம் கொடுத்துக்கொண்டும் இருக்கலாம். எவ்வளவு இரும்பு என்பதைவிட அது எந்த உருவில், எங்கே இருக்கிறது என்பதே வீதியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

உங்கள் முதல் வீதியில் பிணைக்கும் பொடி போதவில்லை, கரடு கழன்று சக்கரத்தில் உருண்டு அலை விழுகிறது. இரண்டாவதில் பிளாஸ்டிக் களி கூடிவிட்டது. தார் போடாத மேற்பரப்புக்குக் கொஞ்சம் களி இருந்தே ஆக வேண்டும், அதனால் இரண்டு கிரவலையும் கலந்து பார்க்கச் சொல்லுங்கள், பல இடங்களில் அதுவே போதும். இன்னொன்று, குழியில் எடுத்த மாதிரியைச் சலித்துவிட்டுத் தரம் சரி என்று கையெழுத்துப் போடுகிறார்கள், ஆனால் மென்மையான உருண்டைகள் ரோலருக்கு அடியிலும் லொறிக்கு அடியிலும் நொறுங்கிப் பொடியாகிவிடும். உருட்டி முடித்த பிறகு வீதியிலிருந்தே எடுத்துச் சலிக்க வேண்டும். மண்ணின் தாங்குதிறனைப் பார்க்கும் சி.பி.ஆர் சோதனையை நான்கு நாள் நீரில் ஊறவைத்துச் செய்ய வேண்டும்.

பிரேசில் நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் நாம் கடன்பட்டிருக்கிறோம். அமெரிக்க விவரக்குறிப்புப்படி வீதியின் அடித்தள மண்ணுக்கு லிக்விட் லிமிட் 25க்கும் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் (மண் குழைவாக இருக்கிற ஈரப்பத இடைவெளி) 6க்கும் மேல் போகக் கூடாது, அப்படிப் பார்த்தால் சாவோ பாவ்லோ மாநிலத்து லேட்டரைட் பொடிமண் தோற்றுவிடும். அந்நாட்டுப் பொறியாளர்கள் நொகாமியும் வில்லிபோரும், குளிர்நாட்டு மண்ணுக்கு எழுதிய எல்லையை ஓரமாக வைத்துவிட்டு, சின்ன அச்சில் கெட்டித்து, ஊறவைத்து, நடத்தையை நேரடியாகப் பார்த்து வகைப்படுத்தும் முறையை 1981ல் கொண்டுவந்தார்கள். அந்த மண் வீங்கவில்லை, கெட்டித்துக் கொஞ்சம் காயவிட்டதும் வலிமை ஏறியது. அதை வைத்தே அங்கே ஏராளமான கிராமச் சாலைகள் போட்டு, மேலே மெல்லிய தார்ப்படலம் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: கிராவல் மண்ணில் கல் அச்சடிக்கச் சுண்ணாம்பு கலக்கலாமா, சிமெண்ட் கலக்கலாமா?

பதில்: மணலும் உருண்டையும் அதிகமிருந்தால் சிமெண்ட். ஆரோவில்லில் அந்த ஊர்ச் செம்மண்ணோடு 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திய கற்களால் பெரிய கட்டடங்களே நிற்கின்றன. களி அதிகமிருந்தால் சுண்ணாம்பு, ஆனால் பொறுமை வேண்டும், கயோலினைட் சுண்ணாம்போடு மெதுவாகத்தான் வினைபுரியும், 7 நாள் வலிமையைப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொள்ளாதீர்கள், ஈரம் காயாமல் 28 நாளாவது வைத்திருந்து பாருங்கள். மேல்மண்ணில் வேரும் மட்கும் இருந்தால் அரையடி வழித்து எறிந்துவிட்டு எடுங்கள், இரண்டுமே அதில் சரியாக இறுகாது.

கேள்வி: திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணும் லேட்டரைட்தானா? அதைக் கிராவல் என்று சொல்லி விற்கிறார்கள்.

பதில்: இல்லை. அது காற்று கொண்டுவந்து குவித்த மணல். குவார்ட்ஸ் துகள்கள்மேல் ஹெமடைட் மெல்லிய பூச்சாக ஏறியதால் சிவப்பு, துகளைத் துகளோடு கட்டி இறுக்குகிற அளவுக்கு அது கிடையாது. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள், உருண்டை ஏதுமில்லாமல் மணல் மட்டும் அடியில் நின்றால் தேரி. சுற்றிலும் கரை கட்டி அடைத்து வைத்தால் நிரப்புவதற்கு ஆகும், ஆனால் கிராவல் விலை கொடுக்காதீர்கள்.